கல்லும் ஊரும் – 17: முற்றவெளித் தூண்கள்

சென்ற வாரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் நின்றோம். 1990 செப்டெம்பரில் முற்றுகை முடிந்தபோது, 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் கற்குவியலாகிக் கிடந்ததோடு அந்த அத்தியாயம் நின்றது. இந்த வாரம் அகழியைத் தாண்டி வெளியே வருவோம். வந்ததும் காலில் படுவது முற்றவெளி.

இந்த வெளி வெறுமையாக இருப்பதற்குக் காரணம் பீரங்கி. கோட்டைக்கு முன்னால் மரமோ வீடோ நின்றால் மதிலில் நிற்பவனுக்குப் பார்வை மறைக்கும். ஆகவே எந்தக் கோட்டைக்கு முன்னும் ஒரு திடல் வெட்டையாகவே விடப்படும். சுடுவதற்கு வசதியாக விட்ட அந்த நிலத்தின் ஓரங்களில்தான் யாழ்ப்பாணம் பின்னாளில் தன் பொது வாழ்க்கையைக் கட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பொதுசன நூலகம். சற்றுத் தள்ளி மணிக்கூட்டுக் கோபுரம். கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயர் தாங்கிய மண்டபம், துரையப்பா விளையாட்டரங்கு, 1977இல் மறைந்த தந்தை செல்வாவுக்கு எழுப்பிய நெடுந்தூபி எல்லாம் நடந்து போகிற தூரத்துக்குள். இவற்றுக்கு நடுவே, பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படாமலே கடந்துவிடக்கூடிய சில சிறு தூண்கள் நிற்கின்றன. இன்றைய கதை பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

மணிக்கூட்டுக் கோபுரத்தை முதலில் முடித்துவிடலாம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக எழுப்பத் தொடங்கி, 1882இல் முடித்தார்கள். வரைந்தவர் ஸ்மிதர், கொழும்பு நூதனசாலையை வரைந்தவரும் அவரே. கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் இதுவும் அடிபட்டது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்ததும் திருத்தினார்கள். மணிக்கூடுகளை இன்னொரு வேல்ஸ் இளவரசர், சார்ள்ஸ், அன்பளிப்பாகக் கொடுத்தார். பேரரசு நட்டதைப் பேரரசின் வாரிசே பழுது பார்த்துக் கொடுத்தார். பத்திரிகைகளில் படம் வந்தது, ஊரும் நேரம் பார்த்தது. எவருக்கும் இதில் மனக்கசப்பில்லை. முற்றவெளியில் சண்டை சச்சரவு இல்லாமல் திருத்தப்பட்ட சின்னம் என்று வேறொன்றைச் சொல்வது கடினம்.

இனித் தூண்களுக்கு வருவோம்.

தனிநாயகம் அடிகளின் முயற்சியில் 1964இல் டில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றம், முதல் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் நடத்தியது. இரண்டாவது 1968இல் சென்னையில். மூன்றாவது 1970இல் பாரிசில். நான்காவதை யாழ்ப்பாணத்தில் நடத்துவதென்று இலங்கைக் கிளையின் தலைவர் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவரோடு நின்றவர்களும் உறுதியாக இருந்தார்கள். கொழும்பில் வையுங்கள் என்றது அரசு. ஊர் விடவில்லை. வெளிநாட்டு அறிஞர் சிலருக்கு விசா கிடைக்கவில்லை; கிடைத்தவர்கள் வந்தார்கள். 1974 ஜனவரி 3 அன்று மாநாடு தொடங்கியது. வாழையும் தோரணமுமாக நகரமே கலியாண வீட்டுக் கோலம் பூண்டது.

சென்னை மாநாட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த மாநாட்டை ஒட்டி மெரினாக் கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஒளவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்ட்வெல், போப் என்று நீளும் வரிசை. அரசே முன்னின்று நட்ட கற்கள் அவை. (அதிலும் கண்ணகி 2001இல் காணாமற்போய் 2006இல் திரும்பி வந்து நின்றாள். சிலை என்றால் எங்கும் தொல்லைதான்.) மாநாடு முடிந்ததும் சென்னைக்குப் பத்துச் சிலைகள் மிஞ்சின. யாழ்ப்பாணத்துக்கு என்ன மிஞ்சியது என்பது ஜனவரி 10ஆம் திகதி மாலை தெரிந்தது.

ஆய்வரங்குகள் முடிந்து, அன்று மாலை பொதுக்கூட்டம். திறந்தவெளி அரங்கில் நடக்கவேண்டியது. அரங்கு கிடைக்காமற்போகவே வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் மேடையைப் போட்டார்கள். மண்டபத்துக்குள் கொள்ளாத சனம் புல்வெளியிலும் வீதியிலுமாக இருந்தது. பல்லாயிரம் பேர். தமிழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தார். பொலிசார் கூட்டத்துக்குள் வந்தார்கள். கண்ணீர்ப்புகை, பொல்லடி, மேல்நோக்கி வெடி. மின்கம்பி அறுந்து சனத்தின் மேல் விழுந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கியவர்கள். ஒன்பது பேர் என்று ஒரு கணக்கு, பதினொருவர் என்று இன்னொரு கணக்கு. இரண்டும் இன்றுவரை வழங்குகின்றன.

அரசு விசாரணை வைக்கவில்லை. ஊரே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதியரசர்கள் டி கிரெட்சர், மாணிக்கவாசகர், இவர்களோடு தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர் சபாபதி குலேந்திரன். மூவரும் சாட்சியங்களைக் கேட்டுப் பொலிசாரின் மீதே குற்றம் கண்டார்கள். அறிக்கை வந்தது; அதன்மேல் எவரும் தண்டிக்கப்படவில்லை. பின்னாளில் இளைஞர்கள் ஆயுதம் தூக்கியதற்கு என்ன காரணம் என்று எழுதுகிற எவரும் இந்த மாலையைத் தொடாமல் போவதில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது என்பதையும் இந்த இடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வித்தியானந்தன் பிற்பாடு அதற்குத் துணைவேந்தரானார். அந்த வளாகத்துக்குக் கதை திரும்ப வரும்.

இறந்தவர்களுக்குத் தூண் நட்டார்கள், அவர்கள் விழுந்த இடத்திலேயே. அது இடிக்கப்பட்டது. திரும்ப நட்டார்கள். திரும்பவும் இடிக்கப்பட்டது. பொலிஸ் காலம், இராணுவ காலம், இயக்க காலம், மீண்டும் இராணுவ காலம் என்று ஊரின் அதிகாரம் கைமாறிய ஒவ்வொரு முறையும் தூணின் விதியும் மாறியது. இன்று நிற்பவை அந்த நீண்ட வரிசையில் கடைசியாக எழுந்தவை. ஜனவரி 10 அன்று மாலையும் மலரும் வைத்து ஒரு கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் ஆடு மேயும்.

கலை என்று பார்த்தால் அவற்றில் பேசுவதற்கு அதிகமில்லை. கம்பி கட்டிச் சீமெந்து வார்த்து, பூசி, வெள்ளை அடித்த தூண்கள். சிற்பியின் பெயர் கிடையாது. நம் ஊரில் கல்லில் வேலை செய்யத் தெரிந்த ஸ்தபதிகள் கோயில் திருப்பணிக்குப் போய்விடுவார்கள். பொது இடத்துச் சின்னம் மேசன்மாரின் கைக்கு வரும். தூபி என்ற வடிவம்கூட இரவல்தான். முனையில் கூம்பிய அந்த நெடுந்தூணை வெள்ளைக்காரன் தன் போர்வீரர்களுக்காக ஊர் ஊராக நட்டுப் பழக்கிவிட்டுப் போனான். அவனை எதிர்த்தவர்களும் தங்கள் இறந்தவர்களுக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இங்கே ஒரு சின்னத்தின் மதிப்பு அதன் உருவத்தில் இருந்ததே இல்லை என்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஊர் ஒன்றும் இருக்கிறது. நம் கோட்டையை ஐங்கோணமாக மாற்றிக் கட்டிய ஒல்லாந்தரின் சொந்த நாட்டில், றொட்டர்டாம். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி அதன் நகர மையத்தை எரித்தன. ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிசில் வாழ்ந்த யூதச் சிற்பி ஒசிப் சட்கின், போருக்குப் பிறகு ரயிலில் போகும்போது அந்த வெறுமையைப் பார்த்தார். அவர் வார்த்த வெண்கல உருவம் 1953இல் அங்கே திறக்கப்பட்டது. கைகள் இரண்டும் வானத்தை நோக்கி உதற, நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. நகரின் பெரிய கடையொன்றின் உரிமையாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் அதற்குப் பணம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் அசிங்கம் என்று திட்டியவர்களும் உண்டு. ஆனால் எரித்தவன் தோற்றுப் போய்விட்டான். நகரம் தன் கையில் இருந்தது. யாருக்காக அழுகிறோம் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்தில்லை. சட்கினுக்கு எஞ்சியிருந்த ஒரே வேலை நல்ல சிற்பம் செய்வது. அந்தச் சலுகை நம் மேசன்மார் எவருக்கும் வாய்க்கவில்லை.

நூலகத்தின் முன்னால் நின்றால் வேறொரு கேள்வி எழும். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் 97,000 நூல்கள் போயின என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதே நாட்களில் நகரில் நின்ற தமிழ்ப் பெரியார்களின் சிலைகளும் உடைக்கப்பட்டன என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நூல்கள் எரிந்த பெருந்துயரில் சிலைகள் மறைந்துபோயின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய நோக்கம் முழுமையாகத் தெரியும். வாசிப்பதற்கு இருந்ததும் அண்ணாந்து பார்ப்பதற்கு இருந்ததும் ஒரே கையால் அழிக்கப்பட்டன.

அடுத்த ஆண்டே ஊர் நூலக வாரம் நடத்திப் புத்தகம் சேர்த்தது. 1984 அளவில் கட்டடம் திருந்தியது. 1985இல் மீண்டும் குண்டு. அதன்பின் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே அகப்பட்டு, சன்னம் துளைத்த கருஞ்சுவர்களோடு ஆண்டுக்கணக்கில் அது நின்றது. அப்படியே விடுங்கள், அதுதான் சின்னம் என்றார்கள் ஒரு சாரார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த கட்டடத்தின் எலும்புக்கூட்டை அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பிள்ளைகள் படிப்பதற்கு இடம் வேண்டும், கட்டுங்கள் என்றார்கள் மறு சாரார். 1998இல் சந்திரிகா அரசு கட்டத் தொடங்கியது. நாடெங்கும் கல்லும் புத்தகமும் சேர்த்தார்கள். வேலை முடிந்த பின்னும் திறப்பு விழா பெருஞ்சண்டையானது. 2003இல் மேயர் செல்லன் கந்தையன் உட்பட மாநகரசபை உறுப்பினர்கள் 23 பேரும் கூண்டோடு பதவி விலகினார்கள்.

இன்று அந்த வெள்ளைக் கட்டடம் பழையதைப் போலவே, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த அதே சாயலில், வெயிலில் கண் கூசும்படி நிற்கிறது. முன்னால் சரஸ்வதி. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எரிந்ததற்கு அடையாளமாக ஒரு சுவர்த்துண்டாவது விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. கட்டியதில் பிழை இல்லை. தழும்பு தெரியாமல் கட்டியதுதான் இடிக்கிறது. நூலகத்தைத் திருப்பிக் கொடுத்த அரசு, எரித்த கதையைச் சொல்லும் சுவரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மற்ற இடங்களை விரைவாகக் கடந்து போகிறேன்; ஒவ்வொன்றும் தனி அத்தியாயம் கேட்பது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நெடுந்தீவில் தூபி. 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் இறந்த வைத்தியர்கள், தாதியர், ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆண்டுதோறும் அஞ்சலி. 1995 ஜூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த இடத்தில் ஒரு சின்னம். அதே ஆண்டு செப்டெம்பரில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பலாலியில் இந்தியப் படையின் இறந்த வீரர்களுக்கும் கல் இருக்கிறது. அதை இலங்கை இராணுவம் செப்பனிட்டுப் பேணுகிறது. இந்தச் சின்னக் குடாநாட்டில் சுட்டவனுக்கும் கல், சுடப்பட்டவனுக்கும் கல். இரண்டில் எதற்குக் காவல் போடுவார்கள், எதற்குத் தடை வாங்குவார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நல்லூரில் அது வெளிப்படையாகத் தெரியும். 1987 செப்டெம்பரில் விடுதலைப் புலிகளின் திலீபன் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்து 26ஆம் திகதி இறந்தார். கோயிலுக்கு அருகில் எழுந்த அவருடைய தூபி, இராணுவம் குடாநாட்டைப் பிடித்தபின் இடிந்தது. யுத்தநிறுத்த காலத்தில் மறுபடி எழுந்து, போர் முடிந்தபின் மறுபடி இடிந்தது. இப்போது அடித்தளம்தான். செப்டெம்பர் வந்தால் அந்த அடித்தளத்துக்கே மாலை விழுகிறது. பொலிசார் தடை கேட்டு நீதிமன்றம் போகிறார்கள், 2020இல் பெற்றும் விட்டார்கள். புலிகள் தம் இறந்த போராளிகளைப் புதைத்த கோப்பாய், எள்ளங்குளம் துயிலுமில்லங்களும் இதே சுற்றில்தான் போயின. 1995க்குப் பிறகு உழப்பட்டு, 2002க்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்டு, 2009க்குப் பிறகு அடியோடு அகற்றப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே 2011இல் படைத் தலைமையகம் எழுந்தது. மாவீரர்களைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், பிள்ளையைப் புதைத்த தாய்க்குக் கல்லறையை இல்லாமல் ஆக்குவது போர் முடிந்த நாடு செய்யும் வேலையில்லை.

நம் வீடுகளில் கிடுகு வேலி இருந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மாரி போனால் உக்கிவிடும். ஆண்டுதோறும் கதியாலுக்குக் கதியால் புதுக் கிடுகு வைத்து அடைக்கவேண்டும். வேலி எப்போது கட்டியது என்று கேட்டால் பதில் இராது. எல்லை மட்டும் பாட்டன் காலத்தது. இந்தத் தூபிகளும் அந்த வகைதான். இன்று நிற்கும் சீமெந்துக்கு வயது குறைவு, இடத்துக்கு வயது அதிகம். ஆகவே இவற்றுக்கு ஆசிரியர் யார் என்று கலை வரலாற்றுக்காரர் கேட்டால், இடித்தவர்களையும் சேர்த்தே பட்டியல் போட வேண்டியிருக்கும்.

இப்போது இரண்டு கைகளைப் பற்றி.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் தெற்கே போனால் ஆனையிறவு. உப்பளமும் நீரேரியுமாகக் குடாநாட்டின் கழுத்து. 2000 ஏப்ரலில் புலிகள் பிடித்து, 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்த இடம். அங்கே இரண்டு அரசுச் சின்னங்கள். ஒன்று, 1991 ஜூலையில் புலிகளின் கவச புல்டோசர் மேல் ஏறிக் கைக்குண்டால் அதை நிறுத்தி உயிர்விட்ட கோப்ரல் காமினி குலரத்னவுடையது. அந்தத் துருப்பிடித்த புல்டோசரையே வைத்திருக்கிறார்கள். சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: குடாநாட்டுப் பக்கத்தில் போரைச் சொல்லும் பொருட்களில் பார்ப்பவனை நிற்க வைப்பது அதுதான். எவரும் செதுக்காத இரும்பு. இன்னொன்று, போர் முடிந்தபின் எழுந்த பெரிய வெற்றிச் சின்னம். பிரமாண்டமான கைகள் இலங்கைத் தீவைத் தூக்கிப் பிடிக்க, தீவிலிருந்து ஒரு பூ மலர்கிறது. ஒற்றுமையைக் காட்டும் கைகள் என்பது விளக்கம். தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிப் பார்த்தார்கள். கிளிநொச்சியில் வெடிப்பு விட்ட கனசதுரம், புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவில் துப்பாக்கியுடன் எழும் சிப்பாய் என்று இந்த வரிசை வன்னி வழியே நீளும். பணமும் பொறியியலும் தாராளம். அந்த நிலத்தில் இறந்த சாதாரண சனத்துக்கு அந்த வடிவங்களில் ஓர் இடமும் இல்லை.

மற்றக் கைகள் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்துக்குள். 2009 மேயில் முடிந்த போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக மாணவர்கள் முன்னின்று 2018, 2019 காலப்பகுதியில் கட்டியது. அமிழ்ந்துபோகிறவர்களின் கைகள் கீழேயிருந்து மேலே எழும் உருவம். அவை எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகின்றன. ஆனையிறவைச் செய்தவர்களுக்குப் பதிலாகவா இதைச் செய்தார்கள்? அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடுகிற எவருக்கும் அந்த இரண்டு சோடிக் கைகளும் ஒன்றோடொன்று பேசுவது கேட்கும். வெறுந்தூணை விட்டு உருவத்துக்கு வந்த முயற்சி என்ற வகையிலும் இது நம் சின்னங்களில் ஒரு படி மேலே.

2021 ஜனவரி 8, வெள்ளி இரவு. வளாகத்தின் வாசல்கள் பூட்டப்பட்டு, உள்ளே கனரக இயந்திரம் வேலை செய்தது. சத்தம் கேட்டு மாணவர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் வெளியே, இயந்திரம் உள்ளே. அனுமதியில்லாத கட்டுமானம் என்று நிர்வாகம் காரணம் சொன்னது. கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவர், வேண்டியது சமாதானச் சின்னமே என்ற பொருளில் அந்த முடிவை ஆதரித்தார். தமிழ்நாட்டில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் கண்டித்தன, அது அபூர்வம். மாணவர்கள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி வடக்கிலும் கிழக்கிலும் ஹர்த்தால். அன்று விடிகாலையில் துணைவேந்தர் சிறிசற்குணராசா வாசலுக்கு வந்து, மாணவர்களோடு சேர்ந்து புதிய சின்னத்துக்கு அடிக்கல் வைத்தார். அவருடைய நிர்வாகத்தின் கீழ் இடிபட்டதற்கு அவரே அடிக்கல்.

இரண்டரை நாள்! 1974 தூண்களுக்கு ஆண்டுகள் எடுத்தது, இங்கே வார இறுதிக்குள் நடந்துவிட்டது. அந்த ஏப்ரலிலேயே கைகள் மறுபடியும் நின்றன. இன்று போய்ப் பார்ப்பவருக்கு அது திரும்பக் கட்டியது என்று தெரியாது. நூலகத்தைப் பற்றிச் சொன்ன அதே குறையை இங்கேயும் சொல்லலாம்; இடிபாட்டில் ஒரு துண்டை அருகில் வைத்திருந்தால் கதை முழுமையாக இருந்திருக்கும்.

கடல் இடித்ததற்கும் கல் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 காலை, வடமராட்சி கிழக்குக் கரையை அலை அடித்துக்கொண்டு போனது. மணற்காடு, நாகர்கோவில், உடுத்துறை, தாளையடி. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். உடுத்துறையில் புதைத்த இடத்தையே நினைவாலயமாக்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை 9.25க்கு நாடு முழுவதும் மௌனம். உடுத்துறையிலும் அதே நிமிடத்தில் சுடர். தெற்கும் வடக்கும் ஒரே நிமிடத்தில் தலை குனியும் நினைவு நாள் வேறில்லை. கடலுக்குக் கொடி இல்லாததால் வந்த ஒற்றுமை அது. ஆனால் அங்கே சுடரேற்றும் குடும்பங்களில் பல, அலைக்கு முன்னும் பின்னும் ஷெல்லுக்கு ஓடியவை. ஒரு பிள்ளைக்கு டிசெம்பரில் விளக்கேற்றலாம், இன்னொரு பிள்ளைக்கு மே மாதத்தில் ஏற்றினால் விசாரணை வரும். கடல் கொன்றவருக்கும் படை கொன்றவருக்கும் தனித்தனிச் சட்டம்.

இவ்வளவு கல்லும் சொல்லாத ஒன்றும் உண்டு. 1990 ஒக்ரோபர் 30 அன்று புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் வரச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி உத்தரவிட்டார்கள். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்த மேடைக்கு அருகில், அவருடைய பேச்சைக் கேட்கக் கூடிய சனத்துக்குத் தூண் இருக்கிற முற்றவெளியில், இவர்களுக்குத் தூண் இல்லை. அதை இடித்தது இராணுவமில்லை. நாம் நடவே இல்லை.

தூண் இல்லாத இடத்தில் வேறு வகையில் வேலை செய்தவர் ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர். 2004இல் புதுப்பித்த நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில், ஊர்ச் சனத்திடம் போரினூடே தப்பி மிஞ்சிய பொருட்களைக் கேட்டு வாங்கி, அவற்றையே கலையாக வைத்தார். வீட்டுக்கு வீடு கொடுத்த நூற்றுக்கணக்கான பொருட்கள். பின்பு 2011இல், இடம்பெயர்ந்த எண்பது தமிழ் பேசும் மக்களைக் கொண்டு, அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரையச் செய்து ஒரு நூலாக்கினார். பெயர் தோம்பு, முடிவுறாத தோம்பு. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர் அது. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று கோணல் மாணலாகக் கோடு போட்டிருப்பார்கள். பெக்கோ கொண்டுவந்து இடிக்க முடியாத சின்னம். சட்கினின் உருவத்துக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் காட்டுவது இதைத்தான்.

2021 ஜனவரி இடிப்புக்கு இன்னொரு பின்விளைவும் வந்தது. கனடாவில் தமிழர் நிறைந்து வாழும் பிரம்டன் நகரசபை, அந்த மாதமே தன் ஊரில் ஒரு நினைவுச்சின்னத்துக்கு இடம் கொடுப்பதாகத் தீர்மானித்தது. சிங்குவாகூசி பூங்காவில் அது 2025 மே 10 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து இலங்கை வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத், கொழும்பிலுள்ள கனேடிய உயர்ஸ்தானிகரை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தார். திருநெல்வேலியில் ஓர் இரவில் இடித்த சீமெந்துக்கு, நாலாண்டு கழித்துக் கொழும்பு ஒரு வெளிநாட்டு நகரசபையோடு வழக்காட வேண்டியதாயிற்று.

(தொடரும். அடுத்த வாரம்: மணற்காட்டு மணலில் புதைந்த தேவாலயம்.)